விமானத்துக்கு இருந்த அட்டவணை ஆளுக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஓர் அம்மா எழுதியிருந்தார். மகள் குடும்பத்தோடு பள்ளி விடுமுறைக்கு லண்டன் போகிறாராம், ஏ380 என்ற இரண்டடுக்குப் பெரிய விமானத்தில். "கொவிட் காலத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடாமல் கிடந்தவற்றைத்தானே மறுபடி எடுத்து ஓட்டுகிறார்கள்? காரை ஒரு மாதம் எடுக்காவிட்டாலே பேட்டரி போய்விடுகிறது. இதை நம்பி எப்படிப் பிள்ளைகளை ஏற்றுவது?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு டெக்னீசியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த விமானங்களை மூடி வைத்ததிலும் கை வைத்தேன், திறந்து எடுத்ததிலும் கை வைத்தேன். பதிலோடு சேர்த்து, அவர் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் மாதத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் 19 ஏ380 விமானங்கள் இருந்தன. உலகத்தில் முதன்முதலில் இந்த விமானத்தைப் பயணிகளோடு பறக்கவிட்ட நிறுவனம் அது. 2007 அக்டோபர் 25, சிங்கப்பூரிலிருந்து சிட்னி. அதே விமானங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் தரையில் நின்றன. சிலவற்றை ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மற்றவை இங்கேயே, சாங்கியில். ஏன் பாலைவனம் என்று பலர் கேட்பார்கள். இடம் மலிவு என்பதற்காக அல்ல, காற்றில் ஈரம் இல்லை என்பதற்காக. நம் ஊர்க் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும். அலமாரியில் மாட்டிய தோல் பெல்ட்டில் பூஞ்சை பிடிக்கிற ஊர் இது.

நிற்கிற விமானம் ஓய்வெடுக்கிறது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பறக்கிற விமானத்தைவிட நிற்கிற விமானம் ஒரு வகையில் அதிகம் தொல்லை கொடுக்கும். பறந்துகொண்டே இருந்தால் எண்ணெய் ஓடும், ரப்பர் அசையும், காற்று புகுந்து வெளியேறும். நின்றுவிட்டால் எல்லாம் தேங்கும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு வேலை, மாதத்துக்கு ஒரு வேலை என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டாஸ்க் கார்டு. கார்டில் ஒவ்வொரு வரிக்கும் செய்தவர் ஸ்டாம்ப்.

ஓர் எஞ்சினை மட்டும் சொல்கிறேன். ஏ380-க்கு நான்கு எஞ்சின். முன்னும் பின்னும் உறை போட்டு இழுத்துக் கட்டுவோம். உள்ளே சிலிக்கா ஜெல் பைகள் வைப்போம். புதுச் செருப்புப் பெட்டியில் சின்னதாக இருக்குமே அதேதான், இங்கே தலையணை அளவில். அதோடு ஓர் ஈரப்பத அட்டை. அதில் வட்டம் வட்டமாகப் புள்ளிகள், பக்கத்தில் விழுக்காடு அச்சடித்திருக்கும். புள்ளி நீலமாக இருந்தால் சரி. இளஞ்சிவப்பாக மாறினால் உள்ளே ஈரம் ஏறிவிட்டது, பைகளை எல்லாம் மாற்ற வேண்டும். இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் காலையில் உறையில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்ப்போம். நீலமா, இளஞ்சிவப்பா என்று முடிவு சொல்ல முடியாத ஒரு நிறத்தில் அது நிற்கும். நானும் கூட வேலை செய்த தம்பியும் மாறி மாறிப் பார்ப்போம். சந்தேகம் என்றால் மாற்றிவிடு என்பது எங்கள் கணக்கு. மாற்றுவது என்றால் உறையைக் கழற்றி, பழைய பைகளை எண்ணி எடுத்து, புதியவற்றை எண்ணி வைத்து, மறுபடி கட்டி முடிப்பதற்குள் சட்டை பிழியலாம்.

அப்புறம் டயர். 22 சக்கரங்கள். ஒரே இடத்தில் நின்றால் அடிப்பாகம் தட்டையாகிவிடும் என்பதால் அவ்வப்போது டோ டிரக் என்ற இழுவை வண்டி வைத்துக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். கிட்டத்தட்ட 80 மீட்டர் இறக்கை உள்ள விமானங்களை நெருக்கி நிறுத்தியிருக்கும்போது 'கொஞ்சம் நகர்த்து' என்று சொல்வது சுலபம். எரிபொருள் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அதில் கிருமி வளரும். அதை வடித்து, மருந்து கலக்க வேண்டும். குடிநீர்த் தொட்டியைக் காயவைக்க வேண்டும். இதெல்லாம் நம் ஊர்க் கதை. கலிஃபோர்னியாவில் பாலைவனத்தில் நிறுத்திய, ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்து ஏ380-களில் சக்கரத்தின் சூட்டுக்கு விரியன் பாம்புகள் வந்து சுருண்டுகொண்டன. எஞ்சினியர்கள் துடைப்பக் கட்டையால் சக்கரத்தைத் தட்டித் தட்டி விரட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்களாம். அதைப் படித்துவிட்டு எங்கள் ஆட்கள், மழையே தேவலாம் என்றார்கள்.

பாம்பைவிடப் பூச்சி ஆபத்து. விமானத்தின் மூக்குப் பக்கத்தில் பிட்டோ என்ற சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று அதில் மோதுவதை வைத்துத்தான் விமானம் தன் வேகத்தை அறிகிறது. குளவி அதில் மண்கூடு கட்டினால் வேகம் தப்பாகக் காட்டும். அதனால் உறை போடுகிறோம். உறை போட்டால் கழற்ற மறக்கக் கூடாது. 2018-இல் பிரிஸ்பன் விமான நிலையத்தில் ஒரு பயணி விமானம் அந்த உறைகளோடேயே மேலே கிளம்பிவிட்டது. வேகம் என்னவென்று தெரியாமல் விமானிகள் திண்டாடிப் பத்திரமாகத் திரும்பி இறக்கினார்கள். நிறுத்தி வைத்த விமானத்தை எழுப்பும்போது எங்களுக்கு இருந்த பெரிய வேலையே இந்தக் கணக்குதான். எத்தனை உறை, எத்தனை பை, எத்தனை ஒட்டுநாடா போட்டோம் என்று எழுதி வைத்ததும், எடுத்ததும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்று குறைந்தால் விமானம் நகராது. யார் வந்து கேட்டாலும் நகராது.

இப்படி எழுப்பிய பிறகும் நேரே லண்டனுக்கு அனுப்பிவிடவில்லை. 2021 நவம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூருக்குக் குறுகிய பயணங்கள், விமானிகளும் பணியாளர்களும் மறுபடி கைபழக. நவம்பர் 18-இல் லண்டன். டிசம்பரில் சிட்னி. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக அவை வழக்கமான பரிசோதனைகளோடு ஓடுகின்றன. ஆகவே அம்மா, உங்கள் மகளும் பேரப்பிள்ளைகளும் தைரியமாகப் போகட்டும். விமானத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

எரிபொருள் குடிக்கிற நான்கு எஞ்சின் விமானத்தை ஏன் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டால், அதற்கு நான் வக்கீல் இல்லை. 19-இல் 7 விமானங்களை வேண்டாம் என்று ஒதுக்கியும் விட்டார்கள். சிலவற்றைச் சாங்கிப் பக்கத்திலேயே பிரித்துப் போட்டார்கள். மிச்சமுள்ள 12-க்கு வேலை இருக்கிறது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் கூடுதலாக ஒரு விமானம் இறக்க நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படிக் கிடைத்த நேரத்தில் 471 பேரை ஏற்றிக்கொண்டு போவது லாபம். அதோடு, 2017-இலேயே வாங்க ஒப்பந்தம் போட்ட போயிங் 777-9 தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. புதுசு வரும்வரை பழசு ஓடத்தான் வேண்டும். லுஃப்தான்சாவும் எத்திஹாத்தும் 2023-இல் தங்கள் ஏ380-களை வெளியே எடுத்ததும் இதே கணக்கில்தான்.

இனி அவர் கேட்காத விஷயம்.

விமானத்துக்கு இவ்வளவு பெரிய அட்டவணை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட ஆளுக்கு ஒன்றும் இல்லை. 2020 அக்டோபரில் நிறுத்தி வைத்த ஏ380-ஐ உணவகமாக்கினார்களே, நினைவிருக்கிறதா? முதலில் அறிவித்த இடங்கள் அரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. ஊரே படம் எடுத்துப் போட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறத்தாழ 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்திருந்தது. நான் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. என்னைப் போன்றவர்கள் துணைக் குத்தகை நிறுவனங்களின் ஆட்கள். எங்கள் ஆட்குறைப்பு ஒரு கடிதத்தோடு முடிந்தது. செய்தியில் வராது, கணக்கிலும் வராது.

அரசாங்கம் உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். சம்பளத்தில் ஒரு பங்கை அரசே முதலாளிக்குக் கொடுத்த வேலை ஆதரவுத் திட்டத்தில் விமானத் துறைக்குத்தான் அதிகமாகக் கொடுத்தார்கள். உள்ளூர்வாசிகளின் மாதச் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு 75 விழுக்காடு வரை. அதனால் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆனால் அது சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்த வெளிநாட்டவருக்கு இல்லை. விகிதத்தைக் குறைக்கத் தொடங்கியதும் முதலாளிகள் உள்ளூர்க்காரர்களையும் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஈரப்பத அட்டையை என்னோடு பார்ப்பார் என்று மேலே சொன்னேனே, அந்தத் தம்பி பட்டுக்கோட்டைப் பக்கம். சரக்கு அறைக் கதவு சரியாக மூடாமல் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தாழ்ப்பாளை விரலால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளவு எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். அளந்து பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். சர்க்கிட் பிரேக்கர் என்ற 2020 ஊரடங்குக் காலம் முழுக்க விடுதியில் அடைபட்டுக் கிடந்தார். வெளியே விட்டதும் கொஞ்ச காலம் வேலைக்கு வந்தார். பிறகு பாஸை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 2021 கடைசியில் விமானங்களை எழுப்ப ஆள் போதவில்லை என்று அதே நிறுவனம் என்னை நாள் சம்பளத்துக்குக் கூப்பிட்டது. போனேன். "அண்ணே, நான் ஊரில் பெயிண்ட் கடை வைத்துவிட்டேன், இனிமேல் எதற்கு?" என்று அவர் போனில் சிரித்தார். மற்றவர்களில் ஒருவர் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார், ஒருவர் கட்டட லிஃப்ட் பழுதுபார்க்கப் போய்விட்டார். அவர்கள் இருந்த இடத்தில் நின்றவர்கள் கெட்டிக்காரப் பையன்கள்தான். ஆனால் முதல் முறை அந்த எஞ்சின் உறையை அவிழ்ப்பவர்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததால் ஒரு ஷிஃப்ட் வேலை இரண்டு ஷிஃப்டுக்கு இழுத்தது.

செய்துகொண்டே இருந்தால்தான் வேலை கையில் நிற்கும் என்பது மனிதாபிமானப் பேச்சு மட்டும் இல்லை, விதியிலும் இருக்கிறது. விமானி 90 நாளில் மூன்று முறையாவது விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பயணிகளோடு பறக்கக் கூடாது. அதனால் அவர்களைச் சிமுலேட்டர் என்ற பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்துக் கைபழக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது. உரிமம் பெற்ற எஞ்சினியருக்கும் இப்படி ஒன்று உண்டு. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஆறு மாதமாவது வேலை செய்திருந்தால்தான் அவர் கையெழுத்துப் போட்டு விமானத்தை விடுவிக்கலாம். அதாவது ஒன்றரை வருடத்துக்கு மேல் கிராப் ஓட்டியவர் திரும்பி வந்ததும் அன்றைக்கே கையெழுத்துப் போட முடியாது. அவருக்குச் சிமுலேட்டர் இல்லை. உரிமம் இல்லாத என்னைப் போன்ற டெக்னீசியனுக்கோ எந்தக் கணக்கும் இல்லை. ஆனால் கை மறக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. துணைக் குத்தகைக்காரர்களையும் சேர்த்து, விமானப் பராமரிப்பில் வேலை செய்கிறவர்களின் பொதுப் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். யாருக்கு எந்த விமானத்தில் என்ன வேலை தெரியும் என்று. மறுபடி ஒரு முடக்கம் வந்து ஆட்குறைப்பு செய்தால், பட்டியலில் உள்ளவர்களை மாதத்தில் சில நாட்கள் சம்பளம் கொடுத்து வரவழைத்து, நிற்கிற விமானத்திலேயே வேலை பார்க்க வைத்து, அதைப் பதிவு செய்யட்டும். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசினால் முடியாதது இல்லை. வெளிநாட்டு ஊழியருக்கும் அதில் ஒரு வரி இருக்கட்டும். பாஸ் ரத்தானாலும் பெயரும் கைத்தொழில் விவரமும் இங்கே இருந்தால், நிலைமை திரும்பும்போது முதலில் அவரைக் கூப்பிடலாம், ஏஜெண்டுக்குப் புதிதாகக் காசு கட்டி வேறொருவர் வரத் தேவையில்லை.

இப்போது எல்லாம் நன்றாகத்தானே போகிறது, எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நன்றாகப் போகும்போதுதான் பட்டியல் போட முடியும். சாங்கியின் ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியாயிற்று. 2030-களின் நடுவில் திறந்தால் ஆண்டுக்கு இன்னும் 5 கோடிப் பயணிகளைக் கையாள முடியும் என்கிறார்கள். அத்தனை விமானத்துக்கும் டயர் மாற்ற ஆள் எங்கிருந்து வரும் என்று யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை.

பட்டியல் தொடங்கினால் பட்டுக்கோட்டைத் தம்பியின் எண்ணை முதலில் நான் தருகிறேன். பெயிண்ட் கடையை விட்டுவிட்டு அவர் வருவாரா என்பது, கொடுக்கிற சம்பளத்தைப் பொறுத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு டெக்னீசியன்,
தெம்பனிஸ்