அந்தச் சிவப்பு எங்க சார்?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன இதழ்ல போலந்தோட 1989 தேர்தல் பத்தி, கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து சாலிடாரிட்டிங்கிற தொழிற்சங்கம் ஆளுங்களை நிறுத்தி ஜெயிச்ச கதையா வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன், அரசாங்கமும் சங்கமும் நடத்தின வட்டமேசைப் பேச்சுவார்த்தையெல்லாம் அருமையா எழுதியிருந்தாங்க, ஆனா ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் படம் போட்ட சாலிடாரிட்டி தேர்தல் போஸ்டரை ஸ்டாம்ப் சைஸுக்குச் சுருக்கி கருப்பு வெள்ளையில போட்டுட்டீங்களே, மனசு கேக்கல. இருபது வருஷமா ஆஃப்செட் பிரஸ்ல டிசைன் வேலை பாக்குறவன், அதான் எழுதுறேன்.

அதைச் செஞ்ச தோமாஷ் சர்னெட்ஸ்கி அப்போ ஓவியக் கல்லூரி மாணவர். 'ஹை நூன்' படத்துல கூப்பர் நடிச்ச மார்ஷல், அதாவது ஊர்க் காவல் அதிகாரி, நம்மள நோக்கி நடந்து வர்றார், துப்பாக்கி இருக்க வேண்டிய கையில வாக்குச்சீட்டு. நெஞ்சுல நட்சத்திரத்துக்கு மேல குட்டியா சாலிடாரிட்டி பேட்ஜ். கீழ 'நட்டநடு மத்தியானம், 1989 ஜூன் 4', அவ்ளோதான். வேட்பாளர் பேரு இல்ல, வாக்குறுதி இல்ல, யாரையும் ஒரு வார்த்தை திட்டல.

கூப்பர்தான் சார் கருப்பு வெள்ளை. அவர் முதுகுக்குப் பின்னாடி பெருசா நிக்கிற சாலிடாரிட்டி எழுத்து நல்ல சிவப்பு. 1980ல யெர்ஸி யானிஷெவ்ஸ்கி வரைஞ்ச லோகோ அது, எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கூட்டத்துல நெருக்கியடிச்சு நிக்கிற ஜனங்க மாதிரி இருக்கும், நடுவுல ஒரு எழுத்து கொடி புடிச்சிருக்கும். 1981 டிசம்பர்ல ராணுவச் சட்டம் வந்ததுலேர்ந்து ஏழு வருஷத்துக்கு மேல ஜனங்க அதை ஒளிச்சு ஒளிச்சுத்தான் வச்சிருந்தாங்க, 1989 ஏப்ரல்ல சங்கத்துக்கு மறுபடி அனுமதி கிடைச்சு, ஜூன்ல வார்சா சுவர்ல பட்டப்பகல்ல நிக்குது.

படத்துல அந்த மார்ஷலுக்கு ஊர்ல ஒருத்தரும் துணைக்கு வரமாட்டாங்க, தனியாத்தான் தெருவுல இறங்குவார். போஸ்டர்ல அவர் பின்னாடி ஒரு கூட்டமே நிக்குது, அந்த எழுத்துதான் கூட்டம். உங்க பக்கத்துல எல்லாம் ஒரே சாம்பலாப் போயி மனுஷன் மறுபடி தனியா நிக்கிறார் சார்.

இந்த ஒரு போஸ்டராலதான் ஜெயிச்சாங்கன்னு நான் சொல்ல வரல. டிவி அரசாங்கத்து கையில, சாலிடாரிட்டி வேட்பாளர்ல பாதிப்பேரை ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது, அதனால கிட்டத்தட்ட எல்லாரையும் சங்கத் தலைவர் லேக் வலேசா பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்து ஒட்டினாங்க, வலேசா தேர்தல்ல நிக்கவே இல்ல. சீட்டுல வேண்டாத பேரை அடிக்கணும்ங்கிற முறை வேற, அப்போ எந்தப் பேரை விடணும்னு ஞாபகம் இருக்கணும்ல, அந்த வேலையை இந்த சாதா போட்டோ போஸ்டருங்கதான் செஞ்சுது. கீழ்சபையில 65 சதவீத இடத்தை ஆளுங்கட்சிக்கும் கூட்டாளிங்களுக்கும் ஒதுக்கிட்டாங்க, மிச்சம் போட்டிக்கு விட்ட 161ம், செனட்ல 100க்கு 99ம் சாலிடாரிட்டிக்கு.

அடுத்த இதழ்ல அந்தப் போஸ்டரை கலர்ல, அரைப் பக்கமாவது போடுங்க சார். சிவப்பு மங்கிடாம பிரஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன், சிவகாசி