மெட்ரோலாக்கும் எங்கள் மெஷினும்

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. அம்மைக்கு முட்டுவலி தேறியது நிம்மதி. இந்த மழையில் குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டு நின்றிருக்குமே?

எம்.ஆர்.ஐ. மெஷின் மூளைக்குள் இருக்கிற பொருளை எப்படி அளக்கும் என்று கேட்டிருந்தாய். நீ ரப்பர் பாலில் மெட்ரோலாக் என்கிற கோடுபோட்ட மிதவையை மிதக்கவிட்டு டி.ஆர்.சி., அதாவது பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறாயே, அது அளப்பது ரப்பரையா? அடர்த்தியை. யாரோ பாலை உறையவைத்து, உலர்த்தி, எடைபோட்டுப் பார்த்ததால்தான் அந்தக் கோடுகளுக்கு அர்த்தம்.

எங்களுக்கும் அதே பாடுதான். மெஷின் தரும் சிக்னலை வரைபடமாகப் போட்டால், நரம்பணுவில் உள்ள என்-அசிட்டைல் ஆஸ்பார்ட்டேட் என்கிற பொருள் 2.01 பிபிஎம் என்ற இடத்தில் கூம்பாக எழும்பும். கூம்பின் பரப்புக்கு அலகு கிடையாது. தலை பெரிதானாலே மாறிவிடும். முன்பெல்லாம் மூளையில் உள்ள இன்னொரு பொருளான கிரியேட்டினின் கூம்பால் வகுத்து விகிதம் மட்டும் சொல்வோம். கட்டி இருந்த ஒருவருக்கு இரண்டுமே சேர்ந்து குறைந்திருந்தன. விகிதம் பார்க்க ஒழுங்காக இருந்தது. அன்று நான் எழுதிய ரிப்போர்ட் இன்னும் உறுத்துகிறது.

பிறகு, அதே பொருளைத் தெரிந்த அளவு கரைத்த பாட்டிலை மெஷினில் அளந்து ஒப்பிட்டோம். பாட்டில் ஏசி அறையில் 20 டிகிரி, மூளை 37. குளிர்ந்தது கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல் சிக்னல் தரும், அதனால் மூளையின் அளவு குறைவாக வந்தது. பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போது தலைக்குள் இருக்கும் தண்ணீரையே அளவுகோலாக வைக்கிறேன். சுத்தத் தண்ணீர் லிட்டருக்கு 55 மோல். மூளையின் சாம்பல் பகுதியில் தண்ணீர் சுமார் 80 சதவீதம், வெள்ளைப் பகுதியில் 70. அளக்கிற கட்டத்துக்குள் மூளையைச் சுற்றியுள்ள நீர் புகுந்திருந்தால் அதைக் கழிக்கணும். தண்ணீர் கூம்புக்குச் சிக்னல் தருவது ஒரு மூலக்கூறில் 2 புரோட்டான் (ஹைட்ரஜன் கரு), நாம் தேடும் பொருளின் கூம்புக்கு 3 என்பதையும், இரண்டின் சிக்னலும் அடங்கும் வேகம் வேறு என்பதையும் கணக்கில் சேர்க்கணும். இத்தனையும் செய்தால் நல்ல மூளையில் அந்தப் பொருள் லிட்டருக்குச் சுமார் 8 முதல் 10 மில்லிமோல் வரும்.

ஆனால் வீக்கம் உள்ள இடத்தில் தண்ணீரே கூடிவிடும். அதனால் எந்த அளவுகோலை எடுத்தோம் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுகிறேன். எண் மட்டும் போதும் என்கிறார்கள் டாக்டர்கள். நான் விடுவதாக இல்லை.

மழை வெறித்ததும் வருகிறேன். போன வருஷம் பால் விலையில் ஏமாந்ததாகச் சொன்னாயே, ஒரே பாலில் உன் மெட்ரோலாக்கையும் வைத்துப் பார்ப்போம், கொஞ்சத்தை உலர்த்தி எடையும் போடுவோம். எத்தனை சதவீதம் தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டுக்காரன்