மீனாவுக்கு, அந்தப் பதிமூன்றைப் பற்றி

முக்கூடல்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனா,

"ஏட்டி, 13 வந்திருக்கு, எனக்கு என்னமோ ஆயிட்டு" என்று ஒரு வரி, அதற்குக் கீழே வரிசையாக அழுகிற முகம். பார்த்தேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே நீ புலம்ப ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணனுக்குத் தையல் ஆறிவிட்டது என்று உன் மருமகள் சொன்னாள், சந்தோஷம். உப்பைக் குறைக்கச் சொல்லி இனி நான் எழுதப் போவதில்லை, நீ கேட்கவா போகிறாய்.

சரி, 13-க்கு வருவோம். உனக்கு 13 மார்க் வந்த அந்த ஏழு கேள்வித் தாளுக்கு ஜிஏடி-7 என்று பெயர். எதற்கெடுத்தாலும் ஓயாமல் கவலைப்படுகிற பொதுப் பதற்ற நோய் இருக்குமோ என்று சலித்துப் பார்க்கிற தாள். ஸ்பிட்சர், குரோன்கே என்று அமெரிக்க மருத்துவர்களும் அவர்களுடன் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 2006-ல் வெளியிட்டது. கடந்த இரண்டு வாரத்தை மட்டும்தான் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. 5 வந்தால் லேசான பதற்றம், 10 வந்தால் நடுத்தரம், 15-ம் அதற்கு மேலும் கடுமை. 10-ஐத் தொட்டவர்களை மருத்துவர் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. நோய் இருக்கிறதென்று சொல்வது விசாரிக்கிற மருத்துவர்தான், அந்தத் தாள் இல்லை.

நீ கணக்கில் புலி, போட்டுப் பார். அவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 10-ஐ எல்லையாக வைத்தபோது, அந்தப் பொதுப் பதற்ற நோய் உள்ளவர்களில் 89 சதவீதம் பேரை அது சரியாகப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 82 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது. நூறு பேரில் எட்டுப் பேருக்கு நிஜமாகவே நோய் இருக்கிறது என்று வை. அதில் ஏழு பேர் மாட்டுவார்கள். இல்லாத 92 பேரிலும் பதினாறு, பதினேழு பேர் மாட்டுவார்கள். ஆக 10-க்கு மேல் வாங்குகிற இருபத்துச் சொச்சம் பேரில் அந்த நோய் ஏழு பேருக்குத்தான். மிச்சப் பேருக்கு வேறு வகைப் பதற்றம் இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நீ எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியாது. உன் மருமகளுக்கும் தெரியாது, அவள் போனுக்கும் தெரியாது.

நீ எந்த இரண்டு வாரத்தைப் பற்றி எழுதினாய் என்று யோசித்தாயா? அண்ணன் ஐசியூவில் இருந்த வாரமும், வீட்டுக்கு வந்து இருமினாலே நீ ஓடிப்போய்ப் பார்த்த வாரமும். "ஏதோ பயங்கரமாக நடந்துவிடுமோ என்ற பயம்" என்ற கேள்விக்கு நீ 0 போட்டிருந்தால்தான் நான் பஸ் ஏறி வந்திருப்பேன். அப்புறம் அந்தத் தைராய்டு மாத்திரை. அளவு கூடினாலும் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை, கடைசியாக எப்போது பார்த்தாய்? காபிக் கணக்கை நான் கேட்கவில்லை, ஹாஸ்டலிலேயே தெரிந்த விஷயம்.

இதையெல்லாம் சொல்வது 13-ஐத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லி இல்லை. தாளின் அடியில் மார்க் இல்லாத ஒரு கேள்வி இருக்கும்: இந்தத் தொந்தரவால் வேலை பார்ப்பது, வீட்டைக் கவனிப்பது, மனிதர்களோடு பழகுவது எவ்வளவு சிரமமாயிற்று என்று. அதற்கு என்ன போட்டாய் என்று நீ எழுதவே இல்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

இந்தத் தாளைப் பற்றி நான் இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் இதே தாளைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார்கள். ரிட்டயர்டு நர்ஸ் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். கீழத்தெரு வளவில் பெண்கள் எல்லாரும் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்க, ஒரு பையன் நடுவில் நின்று சத்தமாக வாசிக்கிறான்: "கவலையை நிறுத்த முடியாமல் இருந்ததா?" மாமியார், மருமகள், கொழுந்தன் பெண்டாட்டி, கடன் கொடுத்தவள், கடன் வாங்கியவள் எல்லாரும் ஒரே வளவில். "நல்லாத்தான் இருக்கோம் தம்பி" என்று எல்லா வாயும் ஒன்றாகச் சொன்னது. அந்த வளவில் தாளெல்லாம் 0.

"ஒரு இடத்தில் உட்கார முடியாத அளவுக்கு இருப்புக்கொள்ளாமை" என்று ஒரு கேள்வி. காலையில் உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடிகிற வரை எழுந்திருக்காத ஆட்களிடம் இதைக் கேட்டால்? ஒருத்தி சிரித்துவிட்டாள். "எந்திரிச்சா கடைக்கு எண்ணிக்கை யாரு குடுப்பா?" மனசு எவ்வளவு அலைந்தாலும் கை சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அந்தக் கேள்விக்கு இங்கே என்றைக்கும் 0தான். அவர்கள் சொல்வதெல்லாம் நெஞ்சைப் பிடிக்கிறது, கை உதறுகிறது, தலை கிறுகிறுக்கிறது, வாயு. ஏழு கேள்வியில் உடம்பைப் பற்றி இப்படி ஒன்றும் கிடையாது. ஈசிஜி எடுப்பார்கள், நார்மல் என்பார்கள், கேஸ் மாத்திரையோடு திரும்பி வருவார்கள். எத்தனை பேரை அப்படி அனுப்பி வைத்ததை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன்.

நான் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன், ஒவ்வொருத்தராக உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள், படிக்கத் தெரிந்தவர்கள் கையில் பேனாவைக் கொடுங்கள், "இரண்டு வாரம்" என்று மொட்டையாகக் கேட்காமல் போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியிலிருந்து என்று கேளுங்கள் என்று. தலையை ஆட்டினார்கள். சாயங்காலத்துக்குள் டார்கெட் முடிய வேண்டுமாம்.

செண்பகமும் அந்த வளவில்தான் இருந்தாள். அவளும் 0. நம்ம ஹாஸ்டல் செண்பகம், வார்டன் முன்னாலேயே வார்டன் மாதிரி நடந்து காட்டினவள்! மறுநாள் என் வீட்டுக்கு வந்து, "அந்தத் தாள் இருக்காட்டி?" என்றாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே டிக் அடித்தாள். 16. குழுக் கடன், வாரா வாரம் தவணை, வாசலில் வந்து உட்காருகிற ஆள், மகனுக்குத் தெரியக் கூடாது. உன்னிடம் சொல்லச் சொன்னது அவள்தான், தானே சொல்ல வெட்கமாம்.

மீனா, எனக்கு ஆறாத கோபம் ஒன்று. தாள்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் போய்விட்டார்கள். மற்ற இடங்களில் 10-க்கு மேல் வந்த ஒன்றிரண்டு பேரிடம்கூட எங்கே போகணும், யாரைப் பார்க்கணும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயது வந்தவர்களை, 64 வயது வரை உள்ளவர்களை, இப்படிப் பதற்றத்துக்குப் பரிசோதிக்கலாம் என்று அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு 2023-ல் பரிந்துரைத்தது. (நமக்கு இன்னும் வயசு இருக்கிறது, சந்தோஷப்படு.) அதிலும் மார்க் போட்டதோடு விடச் சொல்லவில்லை. மருத்துவர் பேசி உறுதிசெய்து, சிகிச்சைக்கு வழி செய்ய வேண்டும். சிகிச்சை செய்ய ஆள் இல்லாமல் வளவு வளவாகப் போய் மனசைக் கிளறிவிட்டு வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை செண்பகத்தைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகிறேன். "பைத்தியக்கார வார்டுக்கா?" என்றாள். "உன் நடிப்பை அங்கே போய்க் காட்டு" என்றேன், சம்மதித்துவிட்டாள். தவணைக்கு மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது, அது எனக்கும் தெரியும். மகனிடம் நான் பேசலாமா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் சரி சொல்லவில்லை.

நீ செய்ய வேண்டியது: அந்தத் தைராய்டு ரத்தப் பரிசோதனை பார். அண்ணன் நன்றாக நடமாட ஆரம்பித்த பிறகு, இரண்டு வாரம் கழித்து, மருமகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அதே தாளை மறுபடி நிரப்பு. அப்போதும் 10-க்குக் கீழே இறங்காவிட்டால் மருத்துவரைப் பார். அதற்கு முன்னாலேயே தாங்க முடியாமல் போனால் தாளும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம், உடனே போ. மனச்சோர்வுக்கென்று ஒன்பது கேள்வித் தாள் ஒன்று கொடுப்பார்கள், இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு என்பதால் கேட்பது, மிரளாதே. பேசிக் குணப்படுத்தும் முறையும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி தருகிற தூக்க மாத்திரையைத் தொட்டாய் என்று தெரிந்தால் நானே வந்து பிடுங்குவேன். நடுராத்திரியில் மனசு கிடந்து அடித்தால் 14416-க்கு அடி. அரசாங்கத்து டெலி மானஸ், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். அதற்கும் முன்னால் எனக்கு அடி, நான் எப்படியும் முழித்துத்தான் கிடப்பேன்.

செண்பகத்துக்கு நீயாக ஒரு போன் போடு, 16-ஐப் பற்றிக் கேட்காதே, வார்டன் கதையைக் கேள். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அழுகிற முகம் வேண்டாம். அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன போட்டாய் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
செல்வி