திட்டுகிற குரலை எழுதிப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நம் வாய்க்காலுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. அப்பா காலையும் மாலையும் மதகடியில் போய் நின்றுவிட்டு வருகிறார். போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை நடவையே முடித்துவிட்டார்கள்.

போன ஞாயிறு போனில், "நானெல்லாம் எதுக்கும்மா லாயக்கு?" என்றாய். பிரமோஷன் கிடைக்காத வருத்தம் வேறு, இந்தப் பேச்சு வேறு. நான் சொல்கிற சமாதானம் போனை வைக்கிற வரைக்கும்தான் நிற்கும் என்பதால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நோட்டு வாங்கு. செல்போனில் வேண்டாம், நடுவில் எவனாவது மெசேஜ் அனுப்புவான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் எழுது. பிழை பார்க்காதே (தமிழ் டீச்சராக இருந்து ரிட்டையரானவள் சொல்கிறேன்). அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை இப்படித்தான் உட்காரவைத்தார். தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள். மனசை உலுக்கிய சம்பவத்தையும் அப்போது பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், அதற்கடுத்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு கனத்துத்தான் போனது. உனக்கும் முதலில் அப்படி இருக்கலாம், பயப்படாதே.

உள்ளே இருந்து உன்னைத் திட்டுகிற பேச்சை ஒரு வார்த்தை மாறாமல் எழுது. 'மனசு சரியில்லை' என்று எழுதினால் ஒன்றும் பிடிபடாது. "மீட்டிங்ல வாயத் தொறக்காம உக்காந்திருந்தியே, தண்டச்சோறு" என்று அது சொன்னால் அதையே எழுது. எப்போது சொன்னது, எதிரில் யார் இருந்தார்கள் என்பதையும் குறித்துவை. சில நாள் கழித்துப் படித்தால் பேசுகிற ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஹைதராபாத் ஆபீசில் உன்னை யார் அப்படி ஏசப்போகிறார்கள்? எட்டாம் வகுப்பில் உன்னை பெஞ்சு மேல் ஏற்றின கணக்கு வாத்தியாராக இருக்கலாம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் விசாரிக்கிற சொந்தக்காரராகவும் இருக்கலாம். என் குரலும் இருக்கும். இருந்தால் அதையும் எழுது, கோவித்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் அதே விஷயத்தை 'நான்' போடாமல், உன் பேரைச் சொல்லி 'நீ' என்று எழுதிப் பார். ஈத்தன் கிராஸ் என்ற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 2014-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மேடையேறும் பதற்றத்தில் தன்னையே பேர் சொல்லி யோசித்தவர்கள், 'நான்' என்று யோசித்தவர்களைவிட நன்றாகப் பேசினார்களாம். பிறகு அதையே நினைத்துப் புழுங்கியதும் குறைவாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. திருவாரூர்ப் பதிகத்தில் அப்பர் "நெஞ்சே நீ வா" என்று பாடி 1,300 வருஷத்துக்கு மேல் ஆகிறதே! அதிலும் அவர் நெஞ்சை அதட்டவில்லை, பார்த்தாயா? வா என்று கூப்பிட்டு, விடியுமுன் கோயிலைப் பெருக்கு, மெழுகு என்று கைக்கு அடங்கின வேலையாகச் சொல்கிறார். நீயும் அந்த வசவுக்குக் கீழே, "இன்னிக்குப் பேசலை, சரி. புதன்கிழமை ஒரே ஒரு கேள்வி கேளு" என்று எழுது. 'நான் சாதிக்கப் பிறந்தவன்' மாதிரி எதையும் எழுதிவைக்காதே, உனக்கே நம்பிக்கை வராது.

உனக்கு எது முக்கியம் என்பதையும் இதே நோட்டில் தேடு. நேர்மை, உழைப்பு, குடும்பம் என்று பரீட்சைக் கட்டுரை எழுதிவிடாதே. அப்பாவின் வரவு செலவு நோட்டை நீ பார்த்திருக்கிறாய். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கொல்லைத் தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்த வாரம். அந்தப் பக்கத்தில் நம் வீட்டுக் கூரை ஓட்டுக்கென்று ஒரு பைசா இல்லை. முதல் வரி, 'நடவு ஆட்கள் வீடு, தார்ப்பாய்.' அடுத்த வரி, 'தெரு டேங்க், ஜெனரேட்டர் வாடகை.' உங்கள் கொள்கை என்ன என்று அவரிடம் கேட்டுப்பார், துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அதனால் இந்த வாரம் காசும் நேரமும் எங்கே போயின, யார் மேல் கோபம் வந்தது, யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய் என்று எழுது. அன்றைக்கு போனில், புதிதாகச் சேர்ந்த பையனின் வேலையை வேறொருத்தர் பேரில் காட்டிவிட்டார்கள் என்று கொதித்தாய். பிரமோஷனைப் பற்றிச் சொன்னபோது உன் குரல் அவ்வளவு ஏறவில்லை. அது ஏன் என்று ஒரு பக்கம் எழுது.

ஒரே புலம்பல் நாள்தோறும் அப்படியே வந்தால் நோட்டை மூடிவைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வா. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகச் சரியில்லை என்றால் நோட்டு போதாது, டாக்டரைப் பார். மனசு சரியில்லாதவர்கள் போனில் பேச மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது, நம்பர் 14416. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

எழுதினதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தால்தான் கை உள்ளதை எழுதும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு, மோட்டார் விஷயமாக உன்னிடம் ஏதோ கேட்கணுமாம்.

அன்புடன்,
அம்மா