பச்சை வாந்தியும் சுத்தமான படமும்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் வீடு திரும்பிவிட்டான், பழையபடி காலை உதைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்ற வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். அப்புறம்தான் மற்ற கேள்விகளுக்கு வந்தேன்.

குடல் செருகல் என்றதும் நீ பதறியிருப்பாய். ஆனால் அது வருகிற வயதே அதுதான். ஐந்தாறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள்தான் அதிகம் பார்க்கிறோம். சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்துகொள்ளும், சட்டைக்கையைக் கழற்றும்போது பாதி உள்ளே சுருண்டுகொள்ளுமே, அப்படி. கூடவே இரத்தக் குழாய்களும் இழுபட்டு நசுங்கும். "வீறிட்டு அழுவான், காலை மடக்குவான், கொஞ்ச நேரத்தில் துவண்டு கிடப்பான், மறுபடி அழுவான்" என்று எழுதியிருந்தாயே, நான் மாணவர்களுக்குச் சொல்வதைவிட அது தெளிவு. மலத்தில் இரத்தம் வருகிறவரை பலர் காத்திருந்துவிடுவார்கள். உன் மகள் காத்திருக்கவில்லை, கெட்டிக்காரி.

"பெரிய மெஷினில் போடாமல், ஜெல் தடவிச் சின்னக் கருவியைத் தேய்த்துவிட்டு முடிவு சொல்லிவிட்டார்களே, போதுமா?" என்கிறாய். போதும். அது ஒலியை உள்ளே அனுப்பிப் படம் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். உனக்கோ எனக்கோ வயிற்றுக்கு மேல் இருக்கும் கொழுப்பை ஒலி தாண்டுவதற்குள் களைத்துப்போகும். குழந்தைக்கு அந்தத் தடை இல்லை. அதனால் நுணுக்கமாகக் காட்டும் புரோபையே (தேய்க்கும் அந்தச் சின்னக் கருவிதான்) வைக்கலாம்; குடல் சுவரின் அடுக்குகளை எண்ணிவிடலாம். கதிர்வீச்சு இல்லை, மயக்கமும் தேவையில்லை, அம்மா மடியிலேயே படுத்திருக்கலாம். செருகல் இருந்தால் வலப்பக்கம் வளையத்துக்குள் வளையமாக, சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் தெரியும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆசனவாய் வழியாகக் காற்றை ஏற்றியதைக் கேட்டால் கொடுமையாகத்தான் இருக்கும். அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பதே அதுதான். அழுத்தத்தை 120 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு மேல் விடாமல், திரையில் பார்த்துக்கொண்டே ஏற்றுவோம். செருகிய முனை பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் பொசுக்கென்று காற்று சிறுகுடலுக்குள் பாயும். அந்த நொடியில் அறையில் இருக்கும் எல்லோரும் மூச்சு விடுவோம். குடல் ஓட்டையாகும் வாய்ப்பு குறைவு, ஆனாலும் அறுவை மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்க மாட்டோம். திரும்ப வருமா என்று கேட்டாய். பத்தில் ஒரு குழந்தைக்கு வரும், அவர்களில் பலருக்கு முதல் ஓரிரண்டு நாளில். அந்தக் கெடு தாண்டிவிட்டது. என்றாலும் அதே மாதிரி அழுதால் யோசிக்காமல் கிளம்பச் சொல்.

ஸ்கேனைப் புகழ்ந்தேனே தவிர, படம் எல்லாம் சொல்லிவிடும் என்று நினைத்துவிடாதே. உன்னிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து முடிவு எழுதும் இந்த வேலைக்கு வந்த புதிது. நடு இரவில் ஒன்பது நாள் குழந்தையின் எக்ஸ்ரே வந்தது. சீட்டில் 'வாந்தி' என்ற ஒரே சொல். பிறந்த குழந்தை முதல் அழுகையிலேயே காற்றை விழுங்கத் தொடங்கிவிடும், ஒரு நாளுக்குள் அது மலக்குடல்வரை போய்ச் சேரும். எக்ஸ்ரேயில் நாம் படிப்பது அந்தக் காற்று வரைந்த கோட்டைத்தான். இரைப்பையிலும் அதற்கு அடுத்தும் இரண்டு குமிழிகள் மட்டும் நின்று, கீழே ஒன்றுமே இல்லையென்றால் சிறுகுடலின் தொடக்கத்திலேயே அடைப்பு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இந்தப் படத்தில் வயிறு முழுக்கக் காற்று அழகாகப் பரவியிருந்தது. 'குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

வாந்தி பச்சையாக இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

பச்சை என்றால் பித்தநீர். பிறந்த சில வாரங்களில் அது வந்தால், இல்லையென்று நிரூபிக்கும்வரை குடல் முறுக்கு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கருவில் சரியாகச் சுழன்று அமராத குடல், தன் இரத்தக் குழாயையே அச்சாக வைத்துச் சுற்றிக்கொள்ளும். சில மணி நேரத்தில் குடல் செத்துவிடலாம். எக்ஸ்ரேயோ சுத்தமாக இருக்கலாம். விடிந்ததும் மூத்த அறுவை மருத்துவர் வந்து, மூக்குக் குழாய் வழியாக, குடலின் பாதையை எக்ஸ்ரேயில் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முதுகெலும்பைக் கடந்து இடப்பக்கம் மேலேற வேண்டிய மருந்து, வலப்பக்கமே திருகாணி மாதிரிச் சுழன்று இறங்கியது. திரையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை சில்லிட்டது. குழந்தை பிழைத்தது, ஆனால் கொஞ்சம் குடலை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றிலிருந்து வாந்தி என்று யார் போன் செய்தாலும் "என்ன நிறம்?" என்பதுதான் என் முதல் கேள்வி. பச்சை என்று சொல்லிவிட்டால், எக்ஸ்ரே எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்த படத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் உட்காருவேன். இளம் மருத்துவர்களுக்கு இது கேலியாகிவிட்டது, எனக்கு 'நிறம் மேடம்' என்று பெயர். போன வாரம் ஒரு பெண், நான் ஹலோ சொல்வதற்குள் "பச்சை, மேடம், துணியோடு எடுத்து வைத்திருக்கிறேன்" என்றாள்.

சரி, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பேரனைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறாயாமே, உன் மகள் சொன்னாள். அதைப் பற்றி மட்டும் நீ எழுதவில்லை.

அன்புடன்,
கல்யாணி