இருட்டாக இருக்கிறது என்பது விமர்சனமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் நாளிதழில் வரும் சினிமா விமர்சனங்களை விடாமல் படிக்கிறவன் நான். கதை, நடிப்பு, பாட்டு எல்லாவற்றையும் அலசிவிட்டு, கடைசிப் பத்தியில் ‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். மலையும் அருவியும் வந்தால் குளிர்ச்சி, ட்ரோன் பறந்தால் பிரமாண்டம், ராத்திரிக் காட்சி கூடிவிட்டால் ‘படம் ஒரே இருட்டு’. மலையை அழகாகக் காட்ட மலையே போதும் சார். நாலு சுவருக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற காட்சியில்தான் ஒளிப்பதிவாளர் யார் என்பது தெரியும், அதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

அந்த அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஜன்னலா, மேஜை விளக்கா, பாதி திறந்த கதவா? இதை முதலில் அவர் முடிவு செய்கிறார். அப்புறம் வைக்கிற ஒவ்வொரு விளக்கும், வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது என்ற பொய்யை நாம் நம்பும்படி நிற்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே விளக்கை எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்பதற்கே கணக்கு உண்டு: தூரம் இரண்டு மடங்கானால் ஆள் மேல் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஜன்னலை ஒட்டி வைத்தால் நடிகர் இரண்டு எட்டு உள்ளே நடந்ததுமே முகம் மங்கிப்போகும், நிஜ வெயில் அப்படி மங்காது, பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கும். தள்ளி வைத்தால் சரியாக இருக்கும், ஆனால் பெரிய விளக்கு வேண்டும், தயாரிப்பாளர் முறைப்பார்.

1956-இல் வந்த சத்யஜித் ராயின் வங்காளப் படம் ‘அபராஜிதோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டிருந்தார்கள். முற்றத்துக்கு மேலிருந்து இறங்குகிற பகல் வெளிச்சத்தில் நிழல் அழுத்தமாக விழாது, ஸ்டுடியோ விளக்கை நேராக அடித்தால் விழும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை வானம் மாதிரி கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன் மேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் படம் பிடித்தார். அது செட் என்று சொன்னால்தான் தெரியும்.

இருட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1972-இல் வந்த ‘காட்ஃபாதர்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, மாஃபியா தலைவனாக நடித்த மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலில் வைத்தார். நாயகனின் கண்ணில் வெளிச்சம் மின்ன வேண்டும் என்பது அன்றைய ஹாலிவுட்டின் எழுதாத சட்டம். பிராண்டோவின் மேக்கப்புக்கும் அந்த மேல்விளக்குதான் தோதாக இருந்தது, சரி. ஆனால் வெளியே கல்யாண வீடு பளீரென்று வெயிலில் ஆடிக்கொண்டிருக்க, உள்ளே அந்த மனிதர் இருட்டறையில் உட்கார்ந்து வழக்குக் கேட்கிறார். குடும்பமும் தொழிலும் வேறு வேறு என்று வசனம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. இதையும் இருட்டு என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவீர்களா?

எல்லா இருட்டும் உசத்தி என்று நான் சொல்லவில்லை. முகம் தெரியாமல் எடுத்துவிட்டு ‘மூட்’ என்று சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சில நேரம் தப்பு படத்தின் மீதே இருக்காது. தியேட்டர் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரைப் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தொழில் தரம், புரொஜக்டர் விளக்கு பழசானால் அது கிடைக்காது, 3டி கண்ணாடி மாட்டினால் இன்னும் குறையும். விமர்சகர் இதையெல்லாம் பிரித்துச் சொல்ல வேண்டாமா?

எனக்கு இருட்டைவிட எரிச்சல் தருவது வேறொன்று. இரண்டு மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிட வசதியாக, சுற்றிலும் எல்ஈடி பேனலை வைத்து அறை முழுக்க ஒரே சீராக வெளிச்சத்தைக் கொட்டிவிட்டு, மீதியை, எடுத்து முடித்த பிறகு நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்துகிற கலர் கிரேடிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. கிரேடிங்கில் நீலம் ஏற்றலாம், ஓரங்களை இருட்டாக்கலாம். நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பது படப்பிடிப்பில் விளக்கு வைக்கும்போதே முடிவாகிற விஷயம், அங்கே விட்டதைப் பின்னால் பிடிப்பது பெரும்பாடு. இப்படி எடுத்த படங்களுக்குத்தான் உங்கள் பக்கத்தில் ‘பளிச்சென்ற ஒளிப்பதிவு’ என்று பாராட்டு வருகிறது!

விமர்சகர்களிடம் நான் கேட்பது இதுதான். படத்துக்கு ஒரு பேச்சுக் காட்சியையாவது எடுத்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் முகத்தை மறைத்தது, அந்த இடத்தில் அது தேவைப்பட்டதா என்று எழுதட்டும். இடம் இல்லை என்பார்கள். வசூல் கணக்குக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியை வெட்டினால் தாராளமாக வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்