பின்சுவர்

முருகன் துணை

ரங்கூன்
12.6.2016

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போன் போட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், இப்போது நாற்பது நாளாக அதுவும் இல்லை. வைபரில் அனுப்பிய செய்தியை நீ பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது என்று தங்கச்சி சொல்கிறாள். வேலை அதிகமாக இருக்கும். சின்ன சித்தப்பா சிங்கப்பூர் வருகிறார், அதனால் அவர் கையில் இந்தக் கடிதம். தமிழ் படிக்க மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயில் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனவள் நான்.

வீட்டு விஷயம். நம் வீட்டை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டுகிற பேச்சைத்தான் சொல்கிறேன். எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. கான்ட்ராக்டர் உனக்கு நேராகப் பேப்பர் அனுப்பினாலும் போடாதே. நம் ரங்கூன் முதலமைச்சர் பியோ மின் தெய்ன் வந்த கையோடு, ஒன்பது மாடியிலிருந்து மேலே போகிற கட்டடங்களை மே மாதம் நிறுத்திவைத்தது உனக்குத் தெரியும். 200-க்கு மேல் நிற்கிறதாம். அனுமதி கொடுத்தது யார், பிளானில் இருப்பதும் கட்டுவதும் ஒன்றுதானா என்று முனிசிபலில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். எதை விடுவார்கள், எதில் மாடியைக் குறைக்கச் சொல்வார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். போன வருஷம் ஷ்வேடகோன் புத்தர் கோயில் பக்கத்தில் ஐந்து கட்டடத் திட்டங்களைப் பழைய அரசாங்கம் ரத்து செய்தபோது பெரிய மாமா, "பாயாவுக்காக நிறுத்துவான், உன் வீட்டுச் சுவருக்காக நிறுத்துவானா" என்றார். இப்போது அவரே பேப்பரை மடித்துக்கொண்டு வந்து படித்துக் காட்டுகிறார்.

பக்கத்து மனையில் பன்னிரண்டு மாடிக்குத் தோண்டிய பள்ளம் அப்படியே கிடக்கிறது. மழை பிடித்துவிட்டது, பள்ளம் குளமாகிவிட்டது. ராத்திரி முழுக்கத் தவளை. ஐராவதி டெல்டாவிலிருந்து வந்த கூலிக்காரர்கள் மூங்கில் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, முதல் வாரம் உப்புக் கேட்டு வந்தாள், அடுத்த வாரம் அரிசி. வேலையை நிறுத்தச் சொன்னவர்கள் இவள் கூலியை யார் கொடுப்பது என்று சொல்லவில்லை. நிறுத்தினது நல்லது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவள் வாசலில் வந்து நிற்கும்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நீ சாப்பிடுகிறாயா? வெளியிலேயே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

பின்சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து மனைக்காரர்கள் அஸ்திவாரத்துக்குப் பைல் தூண் அடித்தபோது விட்ட வெடிப்பு, குளியலறை ஜன்னலுக்குக் கீழே. நீ போனில் சொன்ன மாதிரியே காலண்டர் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, வெடிப்புக்குக் குறுக்கே கஞ்சிப் பசையால் ஒட்டி, தேதி எழுதி வைத்தேன். சித்திரைப் பிறப்புக்கு முதல் நாள் ராத்திரி பூமி ஆடியதே, அன்றைக்குக்கூட தாள் கிழியவில்லை. அப்புறம் மழை இறங்கி, பள்ளத்தில் தண்ணீர் நின்ற பிறகுதான் நடுவில் கிழிந்தது. இடைவெளியில் ஒரு தீக்குச்சி நுழைகிறது. ஊரான் கட்டடத்துக்கெல்லாம் தரம் பார்க்கிற என்ஜினியர் பிள்ளை, பெற்றவள் வீட்டுச் சுவரை வந்து பார்க்க நேரமில்லை. கோயிலில் யாராவது கேட்டால் மட்டும் குறைவில்லாமல் சொல்கிறேன், சிங்கப்பூரில் நாற்பது மாடிக்கு அவன்தான் அஸ்திவாரம் பார்த்தான் என்று.

1930-ல் பெகு பூகம்பத்தில் ஷ்வேமாடோ பாயாவே இடிந்து விழுந்தது. தாத்தாவுக்குப் பதினைந்து வயது. கீழே செங்கல், மேலே தேக்கு என்று கட்டிய இந்த வீட்டில் ஓடு நாலுதான் சரிந்தது என்பார். 42-ல் ஜப்பான்காரனுக்குப் பயந்து எல்லாரும் இந்தியாவுக்கு நடந்தபோது பூட்டிய பூட்டு, திரும்பி வந்தபோதும் அப்படியே தொங்கியதாம். 64-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு கடை போனது, வீடு போகவில்லை. இதெல்லாம் நீ நூறு தரம் கேட்டதுதான்.

இருந்தாலும் கையெழுத்துப் போடாதே.

சரி, இனி மறைக்க முடியாது. தம்பி, நம் வீட்டுக்குப் போட்ட பிளான் எட்டு மாடி. அரசாங்க உத்தரவு ஒன்பதிலிருந்துதான். நம்முடையதை யாரும் நிறுத்தவில்லை. நான்தான் நிறுத்தினேன். மே மாதம் கான்ட்ராக்டர் அட்வான்ஸோடு வந்தார், "என் பிள்ளைக்கு இஷ்டமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னிடம் வைபரில் "அரசாங்கம் நிறுத்திவிட்டது" என்றேன். இரண்டு பக்கமும் பொய். அப்பா இருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

வீட்டின் மேல் ஆசை என்று நினைப்பாய். ஓரளவுக்கு உண்மைதான். எதிர்வீட்டு அக்கா ஆறாம் மாடிக்குப் போன பிறகு கீழே இறங்குவதே இல்லை. லிப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து ஒரு கயிறு, நுனியில் கிளிப், அதில் பையை மாட்டிக் கீழே விடுகிறாள். காய்கறிக்காரன் போட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கிறது. நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று பயம்தான். ஆனால் அதைவிட இன்னொன்று. கான்ட்ராக்டரோடு பாதிக்குப் பாதி என்றால் நாலு மாடி நமக்கு வரும். மூன்றை விற்று அங்கே உனக்கு வீடு வாங்கலாம் என்றாய். கணக்கு சரிதான். வாங்கிவிட்டால் நீ இங்கே எதற்கு வரப்போகிறாய்? அந்த ஒரு நினைப்பில்தான் பொய் சொன்னேன். உன்னை அனுப்பினதும் நான்தான், அப்பாவோடு சண்டை போட்டு, வளையலை விற்று. அனுப்பிவிட்டு இப்போது சுவரைக் காட்டிக் கூப்பிடுகிறேன்.

மூன்று மாதமாகப் பணம் வராததைப் பற்றி நான் கேட்கவில்லை. எனக்குத் தேவையும் இல்லை, தங்கச்சி சம்பளம் போதும். நீ ரூம் மாறிவிட்டாய் என்று யாரோ சொன்னார்கள். பழைய இடமா புது இடமா தெரியாததால் உறையில் விலாசம் எழுதவில்லை. உனக்குப் பணம் அவசரம் என்றால் ஒரு வார்த்தை சொல். கான்ட்ராக்டரை நானே கூப்பிட்டுப் பேசுகிறேன், எட்டு மாடியோ என்னவோ கட்டட்டும். அவசரம் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதே.

காய்ந்த இறாலைப் பூண்டு போட்டு வறுத்து இரண்டு பாட்டிலில் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, இன்னொன்று கூட இருப்பவர்களுக்கு. சித்தப்பா இறங்கியதும் உனக்குப் போன் பண்ணுவார். தெரியாத நம்பர் என்று விட்டுவிடாதே, எடு.

அம்மா